வெயில் தின்ற முகத்துக்கு ரெட்டினாய்டு: அவசரப்படாதவர்களுக்கான மருந்து

கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே உட்பக்கத்துத் தோலைப் பாருங்கள். நிறம் ஒரே சீராக இருக்கும், தொட்டால் வழவழப்பாக இருக்கும். அப்புறம் அதே வெளிச்சத்தில், கண்ணாடியில் நெற்றியையும் கன்ன மேட்டையும் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் வித்தியாசம் உடனே தெரியும். அங்கங்கே பழுப்புத் திட்டுகள், லேசான சொரசொரப்பு, கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள். இரண்டு தோலுக்கும் வயது ஒன்றுதான். ஒன்று துணிக்குள் இருந்தது, இன்னொன்று வெயிலில் இருந்தது.

முகத்தில் நாம் முதுமை என்று நினைக்கும் மாற்றங்களில் கணிசமான பங்கு வெயில் செய்தது. வயதுக்கு மருந்து கிடையாது. வெயில் செய்த சேதத்தில் ஒரு பகுதியைச் சரிசெய்ய மருந்து உண்டு. மேலே பூசும் மருந்துகளில் இதற்காக மிக அதிகமாக ஆராயப்பட்டது ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த பூச்சு மருந்துகள். அதைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்படுபவருக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஒருமுறை தொடங்கி, மூன்றே வாரத்தில் முகம் எரிகிறது என்று தூக்கிப் போட்டவருக்காகவும்தான்.

வெயில் உள்ளே என்ன செய்கிறது

தோலில் நமக்கு இங்கே முக்கியமானவை இரண்டு அடுக்குகள். வெளியே தெரிவது மேல்தோல். அதன் அடிவரிசையில் செல்கள் பிறந்து, மெல்ல மேலே ஏறி, காய்ந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்ந்துவிடும். இந்தப் பயணத்துக்குச் சுமார் ஒரு மாதமோ கொஞ்சம் கூடுதலாகவோ ஆகும். அதற்குக் கீழே இருப்பது உள்தோல். கொலாஜன் என்ற உறுதியான நார்களும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் மீள்நார்களும் அங்கேதான் இருக்கின்றன. முகத்தின் இறுக்கம் அந்த நார்களைப் பொறுத்தது.

சூரியனின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. கடும் வெயிலில் தோல் கன்றிச் சிவப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். யுவிஏ இன்னும் ஆழமாக, உள்தோல் வரைக்கும் இறங்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் அது பெருமளவு தாண்டி வரும். 2012-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 69 வயதான ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் தடித்து, ஆழமாக மடிந்து, சுருங்கிக் கிடந்தது. வலது கன்னம் பல ஆண்டுகள் இளையவருடையது போல இருந்தது. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் ஜன்னலோர இருக்கையைப் பழையபடி பார்க்க மாட்டார்.

வெயில் படும்போது தோல் செல்களுக்குள் ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது. அதைக் கேட்டு, கொலாஜனைத் துண்டாக்கும் நொதிகள் உற்பத்தியாகின்றன. அதே நேரத்தில் புதிய கொலாஜன் தயாரிப்பும் குறைகிறது. இதற்குத் தோல் சிவக்கும் அளவுக்கு வெயில் தேவையில்லை, அதற்குக் குறைவான வெயிலிலேயே இந்த நொதிகள் எழுகின்றன என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். அறுந்த நாரைத் தோல் பழுது பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் முழுமையாக இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு தழும்பு ஒவ்வொரு முறையும் மிஞ்சுகிறது. இருபது, முப்பது ஆண்டுகளில் அவை சேர்ந்து கோடாகவும் சுருக்கமாகவும் வெளியே தெரிகின்றன. மீள்நார்களோ ஒழுங்கு குலைந்து, தடித்த திரளாக உள்தோலில் குவிகின்றன. நிறமி செல்களும் நிலை தடுமாறி, ஓரிடத்தில் அதிகமாகவும் இன்னோரிடத்தில் குறைவாகவும் மெலனின் என்ற கருநிறமியைக் கொட்டுகின்றன.

கருமையான, மாநிறமான தோலில் மெலனின் ஓரளவு குடை பிடிக்கிறது. அதனால் சுருக்கம் தாமதமாக வரும். வெயிலின் பாதிப்பு பெரும்பாலும் நிறச் சீரின்மையாகவே முதலில் தெரியும். கன்னத்தில் கருந்திட்டுகள், வாயைச் சுற்றி மங்கல், ஏற்கெனவே இருக்கும் மங்கு இன்னும் அடர்த்தியாவது, இப்படி. சுருக்கம் இல்லையே, எனக்கு வெயில் ஒன்றும் செய்யவில்லை என்று நினைப்பது சரியல்ல.

ரெட்டினாய்டு எப்படி வேலை செய்கிறது

பல கிரீம்கள் தோலின் மேலே உட்கார்ந்து ஈரத்தைக் காக்கும், அதோடு அவற்றின் வேலை முடிந்தது. ரெட்டினாய்டு செல்லுக்குள்ளேயே போகிறது. செல்லின் உட்கருவில், வைட்டமின் ஏ-இன் செயல்படும் வடிவமான ரெட்டினாயிக் அமிலத்துக்கென்றே சில ஏற்பிகள் இருக்கின்றன. 1987-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இவற்றைக் கண்டறிந்தன. பூட்டில் சாவி நுழைவதைப் போல மருந்து அங்கே பொருந்தியதும், சில மரபணுக்களின் வேலை முடுக்கப்படுகிறது, சிலவற்றின் வேலை அடக்கப்படுகிறது.

இதன் விளைவு பல இடங்களில் தெரிகிறது. மேல்தோல் செல்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுகின்றன, குவிந்து கிடந்த நிறமியும் அவற்றோடு சேர்ந்து உதிர்கிறது. கொலாஜனை வெட்டும் நொதிகளை எழுப்பும் அந்த எச்சரிக்கை மணியின் சத்தம் தணிகிறது. உள்தோலில் புதிய கொலாஜன் உருவாகத் தொடங்குகிறது. 1993-இல் வெளியான மிச்சிகன் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் கெட்ட தோலில் முதல் வகைக் கொலாஜனின் உருவாக்கம், வெயில் படாத தோலைவிட 56 சதவீதம் குறைவாக இருந்தது. ரெட்டினாய்டுகளில் ஒன்றான ட்ரெட்டினோயினின் 0.1 சதவீத கிரீமை 10 முதல் 12 மாதங்கள் பூசியவர்களுக்கு அந்த உருவாக்கம் 80 சதவீதம் கூடியது. மருந்தில்லாத வெறும் கிரீமைப் பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்தது. இந்த எண்களில் நான் முக்கியமாக நினைப்பது அந்த '10 முதல் 12 மாதங்கள்' என்பதைத்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரெட்டினாய்டு தோலை மெலிதாக்கிவிடும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. உரிவதைப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. உரிந்து போவது மேலே இருக்கும் இறந்த அடுக்கின் தளர்ந்த பகுதி. அது கட்டுக்கோப்பாக மாறும்போது, உயிருள்ள மேல்தோல் உண்மையில் தடிக்கிறது. தோலை மெலிதாக்குவது வேறு மருந்து, அது ஸ்டீராய்டு. முகம் வெளுக்க என்று கைமாறும் சில கிரீம்களில் ரெட்டினாய்டோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். குழாயின் மேல் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற பெயர்கள் இருந்தால் அது நாம் இங்கே பேசும் மருந்து அல்ல. மருத்துவர் சொல்லாமல் அதை ஒரு நாளும் முகத்தில் பூசாதீர்கள்.

இந்த மருந்து முதலில் சுருக்கத்துக்காக வந்ததே அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1969-இல் முகப்பருவுக்கு ட்ரெட்டினோயின் பயன்படுவதை எழுதினார். பருவுக்காகப் பூசிய நடுவயதினரின் தோல் மிருதுவாவதும் கோடுகள் தணிவதும் பிறகு கவனத்துக்கு வந்தன. 1986-இல் வெயில் பாதிப்புக்கான ஆய்வு வெளியானது. 1995-இன் கடைசியில் 0.05 சதவீத ட்ரெட்டினோயின் கிரீமுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மெல்லிய சுருக்கம், நிறத்திட்டு, சொரசொரப்பு ஆகிய மூன்றுக்காக ஒப்புதல் கொடுத்தது. இந்த வரலாற்றில் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் இருந்த கைதிகள்மீது கிளிக்மன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோல் பரிசோதனைகள் நடத்தினார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதற்காகப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021-இல் மன்னிப்புக் கேட்டது. நமக்குப் பயன்படும் ஓர் அறிவு யாருடைய தோலின் வழியாக வந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

எந்த ரெட்டினாய்டு, எவ்வளவு வீரியம்

செல்லின் ஏற்பி புரிந்துகொள்வது ரெட்டினாயிக் அமிலத்தை மட்டுமே. ட்ரெட்டினோயின் என்பது அந்த அமிலமேதான், அதனால் நேரடியாக வேலை செய்கிறது. பல நாடுகளில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். டசரோட்டீன் இன்னும் கடுமையானது, அதற்கும் சீட்டு வேண்டும். அடாபலீன் பருவுக்காக உருவானது, எரிச்சல் குறைவு. வெயில் பாதிப்புக்கான ஆதாரம் ட்ரெட்டினோயினுக்கு இருக்கும் அளவு அதற்கு இல்லை.

அழகுப் பொருட்களில் வரும் ரெட்டினால், தோலுக்குள் போன பிறகு இரண்டு படிகள் மாறித்தான் ரெட்டினாயிக் அமிலமாகிறது. முதலில் ரெட்டினால்டிஹைடு, அப்புறம் அமிலம். வழியில் நிறைய வீணாகிவிடும். ஆகவே பலன் மெதுவாகவும் குறைவாகவும் வரும், எரிச்சலும் அதற்கேற்பக் குறைவு. காற்றும் வெளிச்சமும் பட்டால் ரெட்டினால் கெட்டுவிடும் என்பதால், அகலத் திறக்கும் கண்ணாடி ஜாடியில் விற்கப்படுவதை நான் வாங்க மாட்டேன். ஒளி புகாத குழாயோ, அழுத்தினால் வரும் பம்ப் புட்டியோதான் சரி. ரெட்டினைல் பால்மிட்டேட் என்று எழுதியிருப்பவை இன்னும் ஒரு படி பின்னால் நிற்பவை, அவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, ட்ரெட்டினோயின் என்று முடிவாகிவிட்டால் 0.025, 0.05, 0.1 சதவீதத்தில் எது? பெரும்பாலானவர்கள் அதிக வீரியம் என்றால் அதிகப் பலன் என்று நினைக்கிறார்கள். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், வெயில் பாதிப்பு உள்ளவர்கள் 48 வாரங்களுக்கு 0.1 சதவீதத்தையோ 0.025 சதவீதத்தையோ பூசினார்கள். இரண்டிலும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். எரிச்சலோ 0.1 சதவீதத்தில் தெளிவாக அதிகம். அதாவது நான்கு மடங்கு வீரியம் கொடுத்தது நான்கு மடங்கு இளமையை அல்ல, கூடுதல் எரிச்சலை. தோல் உரிவதும் சிவப்பதும் மருந்து வேலை செய்வதன் அடையாளம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டு "வேலை செய்கிறது போல" என்று பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இதை எழுதத் தொடங்கியதற்கே காரணம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு எரிச்சல் ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும். திட்டைப் போக்கத் தொடங்கிய சிகிச்சை புதுத் திட்டைத் தந்துவிடும்.

பூசும் விதம்

இரவில் மட்டும் பூசுங்கள். ட்ரெட்டினோயின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். படுப்பதற்கு முன் மென்மையான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, 20 முதல் 30 நிமிடம் காயவிடுங்கள். ஈரமான தோலில் மருந்து வேகமாக உள்ளே போய் எரிச்சலைக் கூட்டும் என்பதால்தான் இந்தக் காத்திருப்பு. அவசரத்தில் பலர் விடும் படி இது.

முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதை நெற்றி, இரு கன்னங்கள், தாடை என்று சிறு பொட்டுகளாக வைத்து மெல்லப் பரப்புங்கள். திட்டு இருக்கும் இடத்தில் மட்டும் அப்பினால் சீக்கிரம் போய்விடும் என்று தோன்றும், அப்படிப் போகாது, அந்த இடம் மட்டும் வெந்துபோகும். கண்ணிமை, மூக்கின் இரு மடிப்புகள், உதட்டோரம் ஆகியவற்றில் மருந்து தேங்கி முதலில் எரியும். அங்கே முன்கூட்டியே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவி வைத்தால் பாதுகாப்பு. கழுத்துத் தோல் முகத்தைவிட மென்மையானது, முகம் பழகும் வரை கழுத்தை விட்டுவிடலாம்.

முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு வாரத்தில் இரண்டு இரவு மட்டும். தொந்தரவு இல்லையென்றால் ஒன்றுவிட்டு ஒரு நாள். அதுவும் பழகிவிட்டால் தினமும். தினமும் என்ற இடத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆனாலும் எதுவும் கெட்டுப்போகாது. சிலருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் எல்லை, அதிலேயே நின்று நல்ல பலன் பார்க்கலாம். மருந்துக்கு மேல் மாய்ஸ்சரைசர் பூசலாம். மிக மென்மையான தோல் என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று நடுவில் வைத்துப் பூசலாம்.

தொடங்கிய முதல் சில வாரங்களில் வறட்சி, லேசான சிவப்பு, மாவு போல உதிர்வது, முகம் கழுவும்போது சுரீரென்ற உணர்வு ஆகியவை வரலாம். தோல் மருந்துக்குப் பழகும் காலம் அது. பெரும்பாலும் நான்கைந்து வாரத்தில் தணியும். பரு வரும் தோல் என்றால் உள்ளே அடைந்திருந்தவை ஒன்றாக மேலே வந்து கொஞ்ச நாள் மோசமாகத் தெரியலாம். லேசான வறட்சியோடு தொடரலாம். சும்மா இருக்கும்போதும் எரிகிறது, வீங்குகிறது, நீர் கசிகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். தோல் ஆறும் வரை வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும் போதும். பிறகு குறைந்த வீரியத்தில், குறைந்த நாட்களில் மீண்டும் தொடங்கலாம். நிறுத்தியது தோல்வி அல்ல. புண்ணான முகத்தில் மேலும் மேலும் பூசுவதுதான் தவறு.

தோல் பழகும் அந்த முதல் வாரங்களில் ஸ்க்ரப், கிளைக்காலிக் அமிலம், சாலிசிலிக் அமிலம் போன்று தோலை உரிப்பவற்றை ஓரமாக வையுங்கள். பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு சாதாரண ட்ரெட்டினோயினைச் சிதைக்கக்கூடியது, இரண்டையும் ஒரே நேரத்தில் பூச வேண்டாம். முகத்தில் வாக்சிங் செய்யும் வழக்கம் இருந்தால் மருந்துக் காலத்தில் தவிர்த்துவிடுங்கள், மெழுகோடு மேல்தோலும் சேர்ந்து பிய்ந்து வரும்.

எப்போது தெரியும்

ஒரு மாதத்தில் முகம் மிருதுவானதாகத் தோன்றலாம். அது மேல்தோலில் நடந்த மாற்றம். கருந்திட்டுகள் வெளிற இரண்டிலிருந்து நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆகும். மெல்லிய கோடுகள் தணியத் தொடங்க மூன்றிலிருந்து ஆறு மாதம். உள்தோலில் கொலாஜன் கூடியதை அளந்த ஆய்வுக்கே 10 முதல் 12 மாதங்கள் தேவைப்பட்டன. தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. தொடங்கும் அன்று ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று எடுங்கள். எட்டு வாரத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று கைவிடும் மனநிலைக்கு அந்தப் படங்கள்தான் துணை.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் ஆழமான மடிப்பு, தொங்கிய தாடை, விரிந்த ரத்த நாளங்கள் ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. தோல் புற்றுநோயைத் தடுக்கவும் இதை நம்பக்கூடாது. 0.1 சதவீத ட்ரெட்டினோயினை வைத்துப் பெரிய அளவில் அதைச் சோதித்தபோது பலன் இருக்கவில்லை. அதனால் மருந்தைத் தொடங்கும் முன் முகத்தை ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வாரக்கணக்கில் ஆறாத புண், அடிக்கடி ரத்தம் கசியும் மேடு, உப்புத்தாள் போல ஒட்டிக்கொண்டிருக்கும் சொரசொரத் திட்டு, வடிவமோ நிறமோ மாறிவரும் மச்சம், இவற்றின்மேல் கிரீம் பூசி மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து.

கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் ரெட்டினாய்டு எதையும் பூச வேண்டாம். இந்தக் குடும்பத்தின் மாத்திரைகள் கருவுக்குக் கடுமையான ஊனங்களைத் தரும் என்பது உறுதியான உண்மை. பூச்சிலிருந்து உடலுக்குள் போவது மிகக் குறைவு என்றாலும், முகத்தின் அழகுக்காக அந்தச் சிறு ஆபத்தையும் ஏற்க எந்தக் காரணமும் இல்லை. பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். எக்ஸிமா (அரிப்போடு வரும் தோல் அழற்சி), ரொசேஷியா (முகம் சிவந்துகொண்டே இருக்கும் தோல் நோய்) உள்ளவர்களும் அப்படியே.

பகலில் செய்ய வேண்டியது

இரவில் கட்டுவதைப் பகலில் வெயில் இடித்துக்கொண்டே இருந்தால் இந்தச் சிகிச்சைக்கு அர்த்தமில்லை. ரெட்டினாய்டு பூசும் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் கன்றும் என்பது இன்னொரு காரணம். யுவிஏ, யுவிபி இரண்டையும் தடுக்கும், எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தினமும் காலையில் வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கும் அளவு எடுக்க வேண்டும். பெரும்பாலானோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியே கருமையைக் கூட்டும். இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் அவர்களுக்குக் கூடுதல் உதவி. அகன்ற தொப்பியும் குடையும் எந்தக் கிரீமுக்கும் குறைந்தவை அல்ல.

ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, விருப்பப்படி பூசியவர்களைவிட, நான்கரை ஆண்டுகளில் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், ரெட்டினாய்டை விட்டுவிட்டு சன்ஸ்கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஓராண்டு முடிந்து திருப்தியான நிலைக்கு வந்த பிறகு, தினமும் பூச வேண்டிய தேவை பலருக்கு இருக்காது. வாரத்துக்கு மூன்று இரவு போதுமானதாக இருக்கும். மொத்தமாக நிறுத்தினால் முகம் ஒரேயடியாக மோசமாகிவிடாது, கிடைத்த பலன் சில மாதங்களில் மெல்லக் கரையும். ஒரு பயணத்திலோ உடல்நலமில்லாத நாட்களிலோ இரண்டு வாரம் விட்டுப்போனால் பதற வேண்டாம். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தினமும் என்று தொடங்காமல், வாரத்துக்கு இரண்டு இரவிலிருந்து மறுபடி ஏறுங்கள்.